உடன் வருவாரா?

ஜூன் 9, திங்கள்

மாத்திரை 5.50. காப்பி 6.40.

தைராய்டு அளவு மூன்று முறை மூன்று விதமாக வந்துவிட்டது. டாக்டர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா? மூணு மாசம் எழுதிட்டு வாங்க. மாத்திரை, தூக்கம், மனசு எப்படி இருந்துச்சு, எல்லாத்தையும்." பதினாறு வருடமாக ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவளிடம் சொல்கிறார். முதலில் கருவியைச் சந்தேகப்பட வேண்டும், பிறகுதான் மனுஷியை. அதை அவரிடம் சொல்லவில்லை. வரும் வழியில் தில்லைநகரில் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டேன்.

தூக்கம்: ஆறு மணி நேரம். மனசு: பரவாயில்லை.

ஜூன் 10, செவ்வாய்

மாத்திரை 5.50. மனசு: நேற்று மாதிரியே.

ஜூன் 14, சனி

மாத்திரை 6.05.

லேபில் என்னோடு ரத்தம் எடுக்கும் மெகருன்னிசா தன் மகளுக்கு ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறாள். மகள் இப்போது ஏழாவது. 2031இல் பிளஸ் டூ, உடனே நீட், 2037இல் டாக்டர், 2040க்குள் மேற்படிப்பு. கல்யாணத்துக்குக்கூட ஒரு வருடம் குறித்திருக்கிறாள். "நீங்களும் ஏதாவது ஒண்ணு வச்சுக்குங்கக்கா. எதுவுமே இல்லாம எப்படிக்கா நாள் போகுது?" என்றாள். நாள் அதுபாட்டுக்குப் போகிறது என்றேன்.

சாயங்காலம் செம்பியனிடம் சொல்லிச் சிரித்தேன். அவன் பூண்டு உரித்துக்கொண்டிருந்தான். "பாவம், அந்தப் புள்ள" என்றான். அவ்வளவுதான். வழக்கமாக இப்படிப்பட்ட கதைக்கு என்னைவிட அதிகமாகச் சிரிப்பவன் அவன்தான்.

நாங்கள் பழகியதே அப்படித்தான். 2009இல் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வங்கித் தேர்வுக்குப் பயிற்சி தரும் இடத்தில் இருவரும் சேர்ந்திருந்தோம். என் அண்ணனை டாக்டராக்கியே தீருவதென்று எங்கள் வீட்டில் ஆறு வருடம் வறுத்தெடுத்ததில் அவன் ஒருநாள் சொல்லாமல் ஊரைவிட்டுப் போய்விட்டான். அடுத்து என் முறை. மூன்றாவது வாரம், வகுப்பில் "உங்கள் இலக்கு என்ன?" என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்லச் சொன்னார்கள். எனக்கு முன் வரிசையில் இருந்தவன் எழுந்து, "சார், எனக்கு ஒண்ணும் இல்ல, டீ குடிக்கணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். நானும் பின்னாலேயே போனேன். எதிர்க்கடையில் டீ. அன்றைக்குப் பேசியதுதான்: எதையும் துரத்தப் போவதில்லை, வருவதை வைத்து வாழலாம். இரண்டு வருடம் கழித்துக் கல்யாணம். பதினாலு வருடம் அப்படித்தான் ஓடியிருக்கிறது. உறையூரில் மாடி வீடு. அவனுக்கு ஒரு பாலிடெக்னிக்கில் வெல்டிங் பட்டறையில் சொல்லிக்கொடுக்கும் வேலை. எனக்கு லேப்.

மனசு: நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

மாத்திரை 6.00. செம்பியன் காலேஜுக்குப் போய்விட்டான். சேர்க்கை நடப்பதால் ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்கிறார்களாம். அறுபது இடத்துக்கு இதுவரை பதினோரு பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள். அதற்கு எதற்கு ஐந்து வாத்தியார் என்று தெரியவில்லை.

கிளம்பும் முன் குளியலறையில் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தான். தண்ணீர் விழும் சத்தத்தில் வார்த்தை பிடிபடவில்லை. கேட்டால் ஆய்வுக்கு ஆள் வருகிறார்களாம், அதற்குப் பழகுகிறானாம்.

ஜூலை 3, வியாழன்

ஜெர்க்கின் ஒன்று வாங்கி வந்திருக்கிறான். தடிமனான ஜெர்க்கின். திருச்சியில், ஜூலையில். மாணவர்களைக் கொடைக்கானல் கூட்டிப்போகிறார்களாம். போட்டுக் காட்டச் சொன்னேன். வியர்க்க வியர்க்கப் போட்டுக்கொண்டு நின்றான். இரண்டு பேரும் சிரித்தோம்.

மாத்திரை: போட்டேன். நேரம் பார்க்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

காலை முதல் கூட்டம். நாற்பத்திரண்டு பேருக்கு எடுத்தேன். ஒரு பெரியவருக்கு நரம்பே சிக்கவில்லை. கையைச் சூடு வரத் தேய்த்துவிட்ட பிறகுதான் கிடைத்தது.

டிபன் நேரத்தில் மெகருன்னிசா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. பிறகு மெதுவாக, "செம்பியன் அண்ணனை ஞாயித்துக்கிழமை தில்லைநகர்ல பார்த்தேங்கக்கா. ஒரு லேடிகூட ஜூஸ் கடையில உக்காந்திருந்தாரு. அந்தம்மா கையில ஒரு ஃபைல். நான் கும்பிட்டேன், அவரு பார்க்காத மாதிரி திரும்பிக்கிட்டாரு" என்றாள்.

"காலேஜ்ல வேலை பாக்குறவங்களா இருக்கும்" என்றேன்.

"இருக்கும்க்கா. ஒரு தடவை போனைப் பாத்துருங்க."

போனைப் பார்க்கிற ஆள் நான் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

அவன் வழக்கம்போலப் போய்விட்டான். கொத்தவரங்காய் ஒரு கிலோ ஆய்ந்தேன். இரண்டு பேருக்கு ஒரு கிலோ எதற்கு வாங்கினேன் என்று தெரியவில்லை. குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்தேன். தலையணை உறை மாற்றினேன்.

அவன் போனின் ரகசிய எண் எங்கள் கல்யாண நாள். இப்போது அது இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

மாத்திரை 5.50.

காலையில் தோசை சாப்பிடும்போது சொன்னான். "அடுத்த மாசம் ஒருநாள் மெட்ராஸ் போய்ட்டு வரலாமா தாட்சா? காலேஜ்ல குடும்பத்துக்கே சேர்த்து ஹெல்த் செக்கப் ஏற்பாடு பண்ணிருக்காங்க."

"லேப்ல வேலை பாக்குறவளுக்கு எதுக்குடா மெட்ராஸ்ல செக்கப்? இங்கேயே எல்லாம் பாத்துக்கலாமே."

"இல்ல, அது ஸ்கீம். அங்கதான் பண்ணணும். உன் பாஸ்போர்ட் மட்டும் எடுத்து வச்சுக்க."

"ரத்தம் குடுக்க பாஸ்போர்ட்டா?"

"அடையாளத்துக்குக் கேக்குறாங்க."

என்னென்ன பரிசோதனை என்று கேட்டேன். போனைப் பார்த்துப் படித்தான். நெஞ்சு எக்ஸ்ரே, எச்.ஐ.வி., சிபிலிஸ், கிரியாட்டினின், சிறுநீர். சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை, ஈ.சி.ஜி. இல்லை. தைராய்டும் இல்லை.

என் உடம்பு நன்றாக இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் இந்தப் பட்டியல் போடமாட்டார்கள். என்னால் அவர்களுக்குத் தொந்தரவு வருமா என்று பார்க்கிறவர்கள் போடும் பட்டியல் இது. வெளிநாடு போகிறவர்கள் வாரத்துக்கு இரண்டு பேர் எங்கள் லேபுக்கு இதையெல்லாம் கேட்டு வருகிறார்கள்.

இன்னொரு தோசை வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான்.

ஜூலை 21, திங்கள்

லேபுக்கு அரை நாள் விடுப்பு. பாஸ்போர்ட்டைத் தேடினேன். அதுவும் இரண்டு வருடம் முன்னால் "சும்மா ஒண்ணு இருக்கட்டும்" என்று அவன் எடுக்க வைத்ததுதான்.

பீரோவில் அவன் சட்டைகளுக்கு அடியில் பச்சை ஃபைல். பாஸ்போர்ட் இரண்டும் அதற்குள்தான் இருந்தன. கூடவே கனடாவுக்குக் குடியேற விண்ணப்பம். ஏதோ ஒரு மாகாணத்தில் வெல்டர் வேலைக்குக் கடிதம். ஜூஸ் கடையில் இருந்த பெண் விசா ஏஜென்சிக்காரி. பெயர், படம், கையெழுத்து எல்லாம் இருக்கிறது. ஐம்பது வயதிருக்கும்.

வேறு பெண் இல்லை என்று தெரிந்ததும் ஒரு நிமிடம் கட்டிலில் உட்கார்ந்து நன்றாக மூச்சு விட்டேன். அதை எழுத வெட்கமாக இருக்கிறது.

பிறகு தேதிகளைப் பார்த்தேன். ரிப்போர்ட் எதுவாக இருந்தாலும் முதலில் தேதி பார்ப்பது பழக்கம். ஏஜென்சியில் பதிவு செய்தது 2022 நவம்பர். இங்கிலீஷ் தேர்வு இந்த வருடம் ஜனவரி 18. அன்றைக்கு மதுரையில் நண்பன் கல்யாணம் என்று போனான், எனக்கு மல்லிகைப்பூ வாங்கி வந்தான். கரூரில் திறக்கும் புதுக் கிளைக்கு என்னைப் பொறுப்பாளராகப் போகச் சொல்லி முதலாளி கேட்டது பிப்ரவரியில். "நமக்கெதுக்கு தாட்சா அந்த ஓட்டம்?" என்று அவன் சொன்னதும் பிப்ரவரியில்தான். தேர்வு முடிவு அவன் கைக்கு வந்து அப்போது பத்து நாள் ஆகியிருக்கிறது.

விண்ணப்பத்தில் நான்காம் பக்கத்தில் என் பெயர், பிறந்த தேதி, படிப்பு, எல்லாம் சரியாக இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு கேள்வி. மனைவி உடன் வருவாரா? இல்லை.

எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்துவிட்டு இரண்டு மணிக்கு லேபுக்குப் போனேன்.

ஜூலை 22, செவ்வாய்

மாத்திரை மறந்துவிட்டேன்.

ஜூலை 24, வியாழன்

அவன் சாயங்காலம் வந்ததும் ஃபைலைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான். கோபப்படுவான் என்று நினைத்தேன். இல்லை. சுமையை இறக்கி வைத்தவன் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தான்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்ப?"

"எல்லாம் ஓகே ஆனப்புறம். ஆகலைன்னா எதுக்குச் சொல்லி..."

"மூணு வருஷமா நீங்க படிச்சிருக்கீங்க, பரீட்சை எழுதிருக்கீங்க, ஆளைப் பாத்திருக்கீங்க. நான் இந்த வீட்லதான் இருந்தேன்."

நாங்கள் தனியாக இருக்கும்போது அவனை நான் நீங்க என்று கூப்பிட்டதே கிடையாது. அவன் அப்பா துறையூரிலிருந்து வந்திருக்கும் நாட்களில் மட்டும்தான். நிமிர்ந்து பார்த்தான்.

"டிபார்ட்மெண்ட்டை மூடப்போறாங்க தாட்சா. இந்த வருஷம் இல்லைன்னா அடுத்த வருஷம். எனக்கு நாப்பத்தொண்ணு. பட்டறையில மிஷினெல்லாம் துணி போட்டு மூடிக் கெடக்கு. காலைல கண்ணு முழிச்சதும் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. மூணு வருஷமா."

"என்கிட்ட சொல்லிருக்கலாமே."

"உன்கிட்டயா?" என்றான். "யாராவது ஒருத்தன் எதையாவது திட்டம் போட்டான்னு கேள்விப்பட்டா நீ எப்படிச் சிரிப்ப தெரியுமா? எனக்கும் சேர்த்துதான் சிரிக்கிறேன்னு நெனச்சுக்கிட்டு சிரிப்ப. எதுவும் வேணாம்னு சொன்னவன், பயமா இருக்குன்னு எப்படி வந்து சொல்றது?"

அடுத்ததைக் கேட்டேன். "உடன் வருவாரான்னு கேட்டதுக்கு இல்லைன்னு போட்டிருக்கே?"

"அது டெக்னிக்கலா..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். "மார்க்குக்காக. உன்னைச் சேத்தா எனக்கு மார்க்கு குறையுது. உன் இங்கிலீஷ் டெஸ்ட் இல்ல, அதனால. நான் மட்டும் தனியாப் போட்டா தேறிடுது. போய் நெலச்சப்புறம் உன்னைக் கூப்பிட்டுக்கலாம். அதுக்காகத்தான் இந்த மெடிக்கலே. வராதவங்களும் இப்பவே பண்ணிக்கணும், இல்லைன்னா பின்னாடி கூப்பிட முடியாது. நீ பண்ணலைன்னா என் ஃபைலும் நகராது."

"டெஸ்ட் நானும் எழுதிருக்கலாமே. பதினாறு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் இருக்கு. டிப்ளமா இருக்கு."

"எழுதச் சொன்னா விஷயத்தைச் சொல்லணுமே."

பிறகு, நல்லதைச் சொல்கிற மாதிரி சொன்னான். "நீ எதா இருந்தாலும் ஏத்துக்குவ தாட்சா. அந்த தைரியத்துலதான் நான் இதைத் தொடங்கினதே."

ரசம் கொதித்து வழிந்துவிட்டது. அடுப்பைத் துடைத்தேன்.

ஜூலை 26, சனி

மாத்திரை 5.50. தூக்கம்: மூன்று மணி நேரம் இருக்கலாம்.

மிக்ஸி ரிப்பேர். கடைக்காரர், "காயில் போயிடுச்சும்மா, உள்ள ரொம்ப நாளாவே புகைஞ்சிருக்கு, உங்களுக்கு வாடை வரலியா?" என்று கேட்டார். வரவில்லை என்றேன்.

2017 பற்றி எழுத வேண்டாம் என்று இருந்தேன். ஒரு வரி மட்டும். இரண்டாவது முறையும் கரு தங்காமல் போனபோது, மூன்றாவது சிகிச்சைக்குத் தேதி வாங்கிக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா சொன்னார். வாசலில் செருப்பு மாட்டும்போது செம்பியன், "போதும் தாட்சா, திட்டம் போட்டு எதையும் வரவழைக்க வேணாம், வந்தா வரட்டும்" என்றான். நானும் சரி என்றேன். சரி என்றுதான் சொன்னேன்.

அந்தத் தேதிச் சீட்டை எட்டாகக் கிழித்தது நினைவிருக்கிறது. கிழித்தவள் நான்தான்.

ஜூலை 27, ஞாயிறு

இன்றைக்கு அவன் வெளியே போகவில்லை. ஒளிக்க வேண்டியதில்லை அல்லவா, அதனால் வீட்டிலேயே இருந்தான். துணி காயப்போட்டான். கேட்காமலேயே தண்ணீர் கேன் மாற்றினான்.

மாடியில் கொடியில் துணி போட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேன். "அந்த பதிலை மாத்த முடியுமா?"

"எந்த பதில்?"

"உடன் வருவாரான்னு கேட்ட எடத்துல. ஆமான்னு மாத்துங்க. மார்க் எவ்வளவு குறைஞ்சாலும் பரவாயில்ல, மாத்துங்க."

ஈரச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். "பாக்குறேன்" என்றான்.

எனக்குக் கனடா போக விருப்பமே இல்லை. அந்த ஊர் எங்கிருக்கிறது என்று வரைபடத்தில்கூட இதுவரை பார்த்ததில்லை. இருந்தாலும் கேட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் காத்துக்கொண்டிருக்கிறேன். மாத்திரை போட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. காவிரியில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர். வருடா வருடம் பாலத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் நிற்பது வழக்கம். சாமி கும்பிடுவதற்கெல்லாம் இல்லை, தண்ணீர் பார்க்கத்தான். இந்த வருடமும் போனோம். கீழே படித்துறையில் பெண்கள் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். கணக்குப் போட்டு எடுத்து வந்திருக்கிறான். இந்தப் பக்கம் தனியாகப் போனால், அந்தப் பக்கம் என்னோடு போனால். வயதுக்கு இத்தனை, படிப்புக்கு இத்தனை, மொழிக்கு இத்தனை. அழகான கையெழுத்து. பட்டறைப் பலகையில் எழுதிப் பழகிய கையெழுத்து.

"ஏஜென்சி மேடம்கிட்டயும் கேட்டேன். ஒம்போது மார்க்கு இடிக்குது தாட்சா. மாத்தினா மொத்தமும் போயிடும்."

"சரி."

"நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு."

நான் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போகட்டும் போ, மொத்தமும் போகட்டும் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதற்குப் பிறகு நானே உட்கார்ந்து, இல்லை என்று எழுதிக் கொடுத்திருப்பேன். ஒன்பது மார்க்குக் குறைந்துவிட்டேன்.

தாளை நான்காக மடித்து அவன் பையிலேயே வைத்தேன். பொரி வாங்கினோம். அவன் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

மெகருன்னிசாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குத்தான் கண் கலங்கியது.

"போகாதீங்கக்கா மெடிக்கலுக்கு. உங்க கையிலதானே இருக்கு. நீங்க போகலைன்னா அவரும் போக முடியாதுல்ல?"

"ஆமா."

"அப்புறம் என்ன?"

மூன்று நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நான் ரத்தம் கொடுக்காவிட்டால் அவன் இங்கே இருப்பான். பட்டறை மூடும். காலையில் கண் விழித்ததும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒவ்வொரு நாளும் என் முகத்தைப் பார்ப்பான், நான் அவன் முகத்தைப் பார்ப்பேன். அப்படி ஒருவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

"போறேன்" என்றேன்.

"உங்களுக்குக் கோவமே வராதாக்கா?"

வருகிறது. அவளிடம் அதைச் சொல்லவில்லை. இன்று இரண்டு சோதனைக் குழாய்களை உடைத்துவிட்டேன். பதினாறு வருடத்தில் முதல் முறை.

ஆகஸ்ட் 9, சனி

சென்னை. அவன் வருகிறேன் என்றான், வேண்டாம் என்றேன். காலை ரயிலில் தனியாகப் போனேன்.

ரத்தம் எடுக்க வந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு நரம்பைத் தேடிக்கொண்டே இருந்தாள். "கொஞ்சம் தளர்த்தும்மா, கையை மடக்கி விரிக்கச் சொல்லு, தானா எழும்பும்" என்றேன். எழும்பியது. "நீங்க நர்ஸா மேடம்?" என்று கேட்டாள். ரத்தம் எடுக்கிறவள் என்றேன்.

டாக்டர் வரிசையாகக் கேள்வி கேட்டார். ஆபரேஷன்? இல்லை. காசநோய்? இல்லை. குழந்தைகள்? இல்லை. கர்ப்பம் தரித்திருக்கிறீர்களா? இரண்டு முறை. எப்போது? 2016, 2017. அவர் தட்டச்சு செய்துகொண்டே, "கணவரோட எப்ப கிளம்புறீங்க?" என்றார்.

"நான் கிளம்பல. பேருக்குத்தான் பண்றேன்."

தட்டுவதை நிறுத்தி ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு மூச்சை இழுத்து விடச் சொன்னார்.

திரும்பி வரும் ரயில் விழுப்புரம் தாண்டும்போது செம்பியன் கூப்பிட்டான். "முடிஞ்சுதா? தேங்க்ஸ் தாட்சா. நீ பண்ணுவேன்னு எனக்குத் தெரியும்." போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எதிர் சீட்டு அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அழுதேன் போலிருக்கிறது.

செப்டம்பர் 12, வெள்ளி

டாக்டரைப் பார்த்தேன். அளவு சரியாக இருக்கிறதாம். நோட்டை எடுத்து நீட்டினேன். "வேண்டாம், வேண்டாம், ரிப்போர்ட்டே நல்லா வந்துருச்சே" என்று வாங்கவே இல்லை. எழுதுவதை நிறுத்தலாம். நிறுத்தவில்லை.

அக்டோபர் 29, புதன்

விசா வந்துவிட்டது. காலேஜில் இருந்து வரும்போது கேக் வாங்கி வந்தான். ஒரு துண்டு சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

நவம்பர் 26, புதன்

காலை பத்து மணிக்குக் கிளம்பினான். இரண்டு பெரிய பெட்டி. ஜெர்க்கினைக் கையில் வைத்திருந்தான். ஏர்போர்ட்டுக்கு வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். வாசலில் நின்று, "கோவமாவே இருக்காத தாட்சா" என்றான். சாப்பிட்டுப் போகச் சொல்ல மறந்துவிட்டேன் என்பது ஆட்டோ திரும்பிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மதியம் ஷிப்ட்டுக்குப் போனேன்.

நவம்பர் 30, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்கு வாசலில் சாமான் ஏற்றும் குட்டியானை வண்டி வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து மாமா இறங்கினார், செம்பியனின் அப்பா மருதமுத்து. பஸ் டெப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை போன பிறகு துறையூரில் தனியாக இருக்கிறார். கையில் கயிற்றுச் சுருள். டிரைவர் பின்னால் தார்ப்பாயை விரித்துக்கொண்டிருந்தார்.

மெதுவாகப் படியேறி வந்து ஹாலைச் சுற்றிப் பார்த்தார். "என்னம்மா, ஒண்ணுமே கட்டி வைக்கலையா?"

"எதை மாமா?"

"சாமானத்தைத்தான். முப்பதாந்தேதி வண்டி எடுத்துக்கிட்டுப் போங்கப்பான்னான். கீழ ஹவுஸ் ஓனர்கிட்ட காலி பண்றோம்னு சொல்லியாச்சுன்னான். உன்கிட்ட சொல்லலையா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

கயிற்றைத் தரையில் வைத்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "நீதான் அவனைப் புடிச்சுத் தள்ளி அனுப்புறேன்னு சொன்னான். 'அவதாம்ப்பா ஆசைப்படுறா, நான் போய் உக்காந்ததும் அவளும் வந்துருவா, அதுவரைக்கும் உங்ககூட இருந்து பாத்துக்கிறேங்கிறா'ன்னான். நான் மேற்கால ரூமுக்கு வெள்ளையடிச்சு, கட்டில் பின்னி வச்சிருக்கேன்."

"எனக்கு எதுவும் தெரியாது மாமா. அவர் போறதே எனக்கு ஜூலையிலதான் தெரியும்."

போனை எடுத்தார். அங்கே ராத்திரியாக இருக்கும் என்றேன். கேட்காமல் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டார். பிறகு போனை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"பத்தாவது படிக்கையில அவனுக்குச் சுவத்துல டைம்டேபிள் எழுதி ஒட்டினேன். நாலரைக்கு எந்திரிச்சு உக்காந்துருவான். எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லுவேன். பரீட்சை முடிஞ்சப்புறம் பாத்தா, புஸ்தகத்துக்குள்ள வேற புஸ்தகம் வச்சுப் படிச்சிருக்கான். ஒரு வருஷம் பூரா. என் எதிரிலயே."

இட்லி ஊற்றினேன். அவரும் டிரைவரும் சாப்பிட்டார்கள். சட்னி கொஞ்சம் காரம். மாமா கையைக் கழுவிவிட்டு வந்து, துண்டால் துடைத்துக்கொண்டே என் எதிரில் நின்றார்.

"அவன் சொன்னது கெடக்கட்டும். நீ வர்றியா, இல்லையா? உன் வாயால சொல்லும்மா."

இந்த ஆறு மாதத்தில் என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். வருகிறேன் என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. வெள்ளையடித்த அறை. பின்னின கட்டில். வயதான மனிதர். வந்ததை வைத்து வாழ்ந்து பழகியவளுக்கு அதில் என்ன கஷ்டம்?

"வரல மாமா."

"சரி" என்றார். கயிற்றைக் குனிந்து எடுத்தார். "மாசத்துக்கு ஒருக்கா வந்து பாத்துட்டுப் போவியா?"

"வருவேன். நானா வருவேன்."

வண்டி காலியாகவே திரும்பிப் போனது. தெருமுனை வரை கூடவே நடந்து போனேன்.

ராத்திரி செம்பியன் கூப்பிட்டான். "அப்பா சொன்னார். ஏன் வண்டியைத் திருப்பி அனுப்பின? எல்லாத்தையும் யோசிச்சுத்தானே ஏற்பாடு பண்ணிட்டு வந்தேன். நீ தனியா அங்க என்ன பண்ணுவ?"

"அதை நீங்க யோசிக்க வேணாம்" என்றேன். அவன் பேசிக்கொண்டே இருந்தான். கடைசி வரை கேட்டுவிட்டுத்தான் வைத்தேன்.

டிசம்பர் 1, திங்கள்

காலை ஆறரைக்குக் கீழே இறங்கினேன். ஹவுஸ் ஓனர் கமலவேணி அம்மா கோலம் போட்டு முடித்திருந்தார்.

"நாங்க காலி பண்றோம்னு அவர் சொன்னாராம்மா?"

"ஆமா, அக்டோபர்லயே சொல்லிட்டாரே. ஏழாந்தேதி ஒரு குடும்பம் வீடு பாக்க வருது. ஏன், என்னாச்சு?"

"நான் காலி பண்ணல. நான் மட்டும் இருக்கேன். அக்ரிமெண்ட்டை என் பேருக்கு மாத்தி எழுதித் தருவீங்களா?"

அவர் கோலப்பொடி டப்பாவை மூடி வைத்துவிட்டு யோசித்தார். "தர்றதுக்கு ஒண்ணுமில்ல. பதினாலு வருஷமா இருக்கிற புள்ள. ஆனா நீ எத்தனை நாளைக்கு இருப்ப? அவரு கூப்பிட்டாப் போயிடுவ. இல்ல வேலைக்கு எங்கயாவது போவ. எனக்கு ஒரு இது வேணும்ல? என்ன முடிவோட இருக்க?"

எந்த முடிவோடும் இல்லை. கரூர் கிளைக்கு இந்நேரம் வேறு ஆள் போட்டிருப்பார்கள். இங்கிலீஷ் தேர்வு எழுதப்போவதில்லை. செம்பியனை மன்னிப்பேனா என்றும் தெரியாது. எதையாவது ஒன்றைச் சொல்லி அவரைச் சமாதானப்படுத்தலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. பொய் சொல்ல மனம் வரவில்லை.

"பத்திரத்துல வழக்கமா எவ்வளவு நாள் போடுவீங்க?"

"பதினோரு மாசம். எல்லாரும் அப்படித்தான் போடுறது."

"அதையே போடுங்க. பதினோரு மாசம் இருப்பேன். அதுக்கப்புறம் உங்ககிட்ட நேரா வந்து சொல்றேன்."

டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு, "சாயங்காலம் வா, பத்திரம் எழுதுறவரை வரச் சொல்றேன்" என்றார்.

ஏழரைக்கு லேப். மெகருன்னிசா லீவு. கதவைத் திறக்கும்போதே வெளியே பதினாலு பேர் எதுவும் சாப்பிடாமல் காத்துக்கொண்டிருந்தார்கள். கையைக் கழுவிக்கொண்டு முதல் ஆளை உட்காரச் சொன்னேன்.